வாய்தா சேர்த்துக்கொண்டவர்கள்

போன வாரம் புதுவாயல் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறியபோது கால் வைக்க இடமில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணியின் சாக்கு மூட்டை அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பியதும் வாடை வந்தது. ஈரச் சாக்கும் நாள்பட்ட புழுங்கலரிசியும் சேர்ந்த வாடை. ரேஷன் அரிசியைக் கூடுதலாக இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னாம்மா மூட்டையில?" என்று ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"கோழித் தீவனம்பா."

"உங்கூட்டுக் கோழி இட்லிதான் துன்னுமா?"

ஆட்டோ முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண்மணியும் முந்தானையால் மூட்டையின் வாயை மூடிக்கொண்டே சிரித்தார். நானும்தான். ஆனால் கும்மிடிப்பூண்டியில் இறங்கிய பிறகு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பேங்க்கில் வேலை இருந்தது. அதை விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்குப் போய், எந்த ரயிலுக்கும் போகாதவளாக நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கினேன். இந்த வயதில் மூட்டு வலியோடு ஒருத்தி சும்மா படி ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு பையன், "ஆன்ட்டி, டிக்கெட் கவுன்ட்டர் கீழ" என்று வழிகாட்டினான். அவனுக்கு என்ன சொல்வது? காஞ்சனா ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

காஞ்சனாவைப் பார்த்த காலத்தில் நான் ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபர். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரம் என்னுடையது. தொழிற்பேட்டையில் ஏதாவது பற்றி எரிந்தால் முதல் பக்கம். மற்ற நாட்களில் பெரும்பாலும் கோர்ட். பொன்னேரி கோர்ட் வளாகத்தில் என்னை நிருபர் என்று யாரும் நம்பியதில்லை. பருத்திப் புடவையும் துணிப்பையுமாக நின்றால், "உனக்கு எந்த கேஸும்மா? ஜீவனாம்சமா?" என்று குமாஸ்தாக்கள் வந்து கேட்பார்கள். இரண்டு பேர் நல்ல வக்கீலுக்கே சிபாரிசு செய்தார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஜெயிலில் இருப்பவர்களை அந்த நாட்களில் ஒவ்வொரு வாய்தாவுக்கும், அதாவது அடுத்த தேதி வாங்குவதற்கு, வேனில் கூட்டிவருவார்கள். பெண்களுக்குத் தனி வேன். காலையில் வந்தால் பெயர் கூப்பிடும்வரை வளாகத்துப் புங்க மரத்தடியில் உட்கார வைத்திருப்பார்கள். சுற்றிலும் பெண் போலீஸ், அவர்களுக்கு நடுவே தரையில் இவர்கள். டீ கிளாஸ்கள் கை மாறும். சொந்தக்காரர்கள் இட்லிப் பொட்டலத்தோடு வந்து போலீஸின் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் சரியாக இருந்தால் பொட்டலம் போய்ச் சேரும்.

அந்த வட்டத்துக்குள் இரண்டு பெண்கள் எப்போதும் தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பதை நான் கவனித்தேன். ஒருத்தி நாற்பதை நெருங்குபவள். திடமான உடம்பு, வாரி முடிந்த முடி. அவள் காஞ்சனா. ஆந்திரப் பக்கத்துச் சாராயப் பாக்கெட்டோடு பிடிபட்ட வழக்கு. அதற்கு முன்னாலும் அதே மாதிரி வழக்குகள் உண்டு. இளையவள் ரோஸ்லின். அண்ணி தீயில் இறந்துபோன வழக்கில் அண்ணனோடு சேர்த்துப் பிடித்து வந்தார்கள். அண்ணன் ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டார். தங்கைக்குப் பிணை நிற்க யாரும் வரவில்லை. அவள் குற்றம் செய்தாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"இன்னா பேப்பரம்மா, இன்னிக்காவது எங்கள பேப்பர்ல போடுவியா?" என்று காஞ்சனாதான் முதலில் பேச்சுக் கொடுத்தாள்.

"இன்னிக்கு உங்க கேஸ்ல ஒண்ணும் நடக்கலையே."

"நடந்தாத்தான் போடுவியா? நாங்க இங்க குந்திக்கினு கீறோமே, அத்தப் போடு."

ரோஸ்லின் அவள் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். "சும்மா இரு காஞ்சு. போட்டோ எடுத்துடப் போவுது அந்தம்மா."

"எடுக்கட்டுமே. கல்யாண போட்டோ இன்னும் எடுக்கல இல்ல?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். காவலுக்கு இருந்த பெண் போலீஸும் சிரித்தார். பிறகு, தான் சிரித்தது ஞாபகம் வந்து, "ஏய், வாய மூடு" என்றார்.

எனக்கு ஒரு விஷயம் புதிராக இருந்தது. ஒரே நாளில் பிடிபட்டவர்களில்லை, ஒரே வழக்குமில்லை. ஆனாலும் இருவருக்கும் எப்போதும் ஒரே தேதி. கேட்டதற்கு காஞ்சனா விளக்கினாள். ஜெயிலுக்குள் இரண்டு பேர் ஜோடி என்றானால் முதல் வேலை வாய்தா சேர்ப்பது. ஒருத்தி தன் தேதியன்று காய்ச்சல் என்று படுத்துக்கொள்வாள். கோர்ட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், தேதி தள்ளிப்போகும். மற்றவளின் தேதியோடு ஒட்டும்வரை இதைச் செய்ய வேண்டும். ஒட்டிவிட்டால் பிறகு வரிசையாக ஒன்றாகவே வரும். வழக்கைச் சீக்கிரம் முடியுங்கள் என்று வக்கீலை நச்சரிப்பவர்கள்தான் எங்கும் உண்டு. இவர்கள், "அவசரம் இல்லைங்க சார், அந்தத் தேதியே போட்டுக்குங்க" என்பார்கள். காஞ்சனாவின் வக்கீல் இப்படி ஒரு பொறுமைசாலிக் கட்சிக்காரியைக் கண்டதில்லை என்று என்னிடமே பெருமைப்பட்டார்.

இத்தனை பாடும் எதற்கென்றால், உள்ளே இருவரையும் வெவ்வேறு பிளாக்கில் பிரித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கிடைப்பது இந்த வேனில்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் போலீஸார் தலைகளை எண்ணுவார்கள். கைகள் எங்கே இருக்கின்றன என்று யாரும் எண்ணுவதில்லை.

இதையெல்லாம் நான் செய்தியாக எழுதவில்லை. எழுதினாலும் போட்டிருக்க மாட்டார்கள். எங்கள் ஆசிரியர் குழுவில் ஆணும் பெண்ணும் சம்பந்தப்பட்ட எந்த உறவுக்கும் ஒரு தலைப்புத் தயாராக இருந்தது. இரண்டு பெண்கள் என்றால் 'தோழிகள்'. அதற்கு மேல் வார்த்தை கிடையாது. ஆனால் செய்தியாகாத விஷயம் எனக்குச் சும்மா இருக்காது. முள் மாதிரி உள்ளே இருந்து குத்தும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சோழவரம் போனேன். அங்கே வசந்தா இருந்தார். பெண்கள் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அம்மாவோடு பள்ளியில் படித்தவர், அதனால் எனக்குச் சித்தி முறை. அவர் வீட்டு மாடியில் நின்றால் ஏரி தெரியும். சின்ன வயதில் கார் பந்தயச் சத்தம் இங்கே வரை கேட்கும், சோற்றில் கை வைத்தபடியே எல்லாரும் எழுந்து ஓடுவோம் என்று அதைச் சொல்லவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகுதான் நான் கேட்டதற்கு வந்தார்.

"ஜோடி இல்லாத ஜெயிலு எங்கடி கீது? நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கே ஒரு ஜோடிய காட்டிட்டாங்க. அதுல ஒருத்திய எல்லாரும் துரைன்னுதான் கூப்புடுவாங்க. ஆயுள் கைதி. ஜெயிலு புடவைய வேட்டி மாதிரி மடிச்சிக் கட்டிக்கினு நடப்பா. மேட்ரன் அம்மாவே துரைன்னுதான் கூப்புடும்."

"ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"மேட்ரனுக்கு இஷ்டமா இருந்தா சொல்லமாட்டாங்க. புச்சா வேற மேட்ரன் வந்துச்சு. துரை முடிய ஒட்ட வெட்டிட்டு, அவ ஜோடிய வேற ஊரு ஜெயிலுக்கு மாத்திடுச்சு."

"காரணம் இன்னான்னு எழுதுவீங்க?"

"சண்டைன்னு." வசந்தா முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். "ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிறாங்க, சேத்து வச்சா ஆபத்துன்னு எழுதுவோம். வேற இன்னான்னு எழுதறது? நானே எழுதிக்கீறேன். அந்தப் பொண்ணு போற அன்னிக்கு துரை அழுவல. செவுத்தாண்ட போயி நின்னுக்கினு, புடவைய ஒழுங்கா கட்டிக்கிச்சு. அப்புறம் மடிச்சிக் கட்டவே இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அந்தச் 'சண்டை'தான் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு யாராவது இந்தப் பெண்களின் கதையைத் தேடிப் பழைய காகிதங்களைப் புரட்டினால் என்ன கிடைக்கும்? ஒருத்தியை ஒருத்தி அடித்துக்கொண்ட கதைதான் கிடைக்கும். அது போகட்டும், காஞ்சனாவுக்கு வருகிறேன்.

காஞ்சனாவுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. அவள் கேட்காமலே அக்கா வீட்டுக்காரர் பிணை நின்றார். கோர்ட்டில் அவரை அவள் திட்டிய திட்டை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "உன்ன யாரு மாமா கேட்டது? வேல வெட்டி இல்லியா உனக்கு?" அந்த மனிதர் பேஜாராகிப்போய் என்னைப் பார்த்தார். "நல்லது பண்ணா இந்த உலகத்துல இதாம்மா கெடைக்கும்."

வெளியே வந்த அடுத்த வாரமே அவள் ஜெயில் வாசலுக்குப் போனாள். உள்ளே இருப்பவரைப் பார்க்க மனு போட வேண்டும். சொந்தம் என்ன என்று கேட்பார்கள். அக்கா என்று சொல்லியிருக்கிறாள். வாசலில் இருந்த வார்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாராம். "எந்த அக்காடி? போன மாசம் வரைக்கும் நீ அவளுக்கு ஊட்டுக்காரரு. இப்ப அக்காவா?" வேறு எவளாவது வந்து பொய் சொல்லியிருந்தால் உள்ளே விட்டிருப்பார்கள். உண்மை ஊரறிந்ததாக இருந்ததால் இவளை விடவில்லை.

அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உள்ளே போக ஒரு வழி இருக்கிறதே! ரேஷன் அரிசி. ரயிலில் ஆந்திர எல்லை தாண்டி அரிசி கொண்டுபோய் விற்பது அவள் வெகுநாள் தொழில். பெண்கள் கூட்டமாகச் செய்வார்கள். இது நாள்வரை பிடிபடாமல் செய்ததை இப்போது பிடிபடுவதற்காகச் செய்ய வேண்டியதுதான்.

நடந்ததைப் பிற்பாடு அவளே சொன்னாள். கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் மூட்டையை நடு வழியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்தார். தெரிந்தவர். "இன்னா காஞ்சனா, எப்ப வெளிய வந்த? நல்லா கீறியா? அந்தாண்ட தள்ளி குந்து, வழி வுடு" என்று போய்விட்டார்.

"நான் கூப்புட்டுச் சொல்றேன் பேப்பரம்மா, சார், இது அரிசி சார்னு. அவரு, தமாசு பண்ணாதன்னுட்டாரு."

ரயில் ஏறினாள். எளாவூர் போயிற்று, ஆரம்பாக்கம் வந்தது. அதுதான் நம் பக்கத்துக் கடைசி நிலையம். அங்கே பறக்கும் படை ஏறும் என்பது அவள் கணக்கு. கணக்குப்படியே ஏறினார்கள். லத்தியால் சீட்டுகளைத் தட்டிக்கொண்டே வந்தார்கள்.

"அவங்கள பாத்தேன் பாரு, கையி தன்னால மூட்டைய சீட்டுக்கடில தள்ளிடுச்சு. புடவைய எறக்கி மறச்சிட்டேன். மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினு தூங்கறேன்! எல்லாம் முடிஞ்சி அவங்க எறங்கினப்பறந்தான், அய்யோ, நான் மாட்டத்தான வந்தேன்னு ஞாபகம் வருது."

ரயில் எல்லை கடந்து தடாவையும் தாண்டியது. அடுத்த நிலையத்தில் அவள் மூட்டையைப் பிடித்தது ஆந்திரப் போலீஸ். அப்போதுதான் முதல் முறையாகப் பயந்திருக்கிறாள். "நைனா, நைனா, என்ன தமிழ்நாட்டு போலீசாண்ட குடுத்துடு நைனா. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று காலில் விழுந்தாளாம். அவர்கள் பணியில் எத்தனையோ கெஞ்சல்களைக் கேட்டிருப்பார்கள். இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றின் ஜெயிலில் கொண்டுபோய் விட்டார்கள்.

போலீஸ் நிலையத்தில் கேள்விப்பட்டு, 'அரிசி கடத்திய பெண் ஆந்திராவில் கைது' என்று நாலு வரி கொடுத்தேன். வந்தது. அடுத்த வாய்தாவுக்கு வேன் வந்தபோது ரோஸ்லின் இறங்கியதும் கூட்டத்தைத்தான் பார்த்தாள். கோர்ட்டுக்காவது காஞ்சு வந்திருப்பாள் என்று நம்பியிருந்தாள். நான் அருகில் போய் விஷயத்தைச் சொன்னேன். காஞ்சனா எதற்காக மாட்டினாள் என்று அப்போது எனக்கே தெரியாது, ரோஸ்லினுக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது.

அவள் முதலில் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு அந்தக் கையாலேயே நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"முட்டாப் பொம்பள! ஆரம்பாக்கத்துல எறங்கித் தொலைய வேண்டியதுதான? போலீசு புடிக்கலன்னா நீயே போயி நில்லேன்! தெலுங்குல தண்ணி கேக்கக்கூட தெரியாது அதுக்கு." குரல் உடைந்தது. "அங்க யாரு அதுக்குத் தல வாரி வுடுவாங்கக்கா?"

பெண் போலீஸ் ஒருவர் வந்து, "இன்னா பிரச்சினை?" என்றார். "பல்லு வலி மேடம்" என்றாள் ரோஸ்லின்.

காஞ்சனா திரும்பி வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. இளைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் வேறெந்த யோசனைக்கும் போகவில்லை. ரோஸ்லினின் வாய்தா தேதிகளில் நாஷ்டா பொட்டலத்தோடு காலையிலேயே மரத்தடியில் வந்து நிற்பாள். போலீஸாருக்கும் சேர்த்துப் பூரி வாங்கிவருவாள். பேச விடமாட்டார்கள். ஒருத்தி உள்வட்டத்தில், ஒருத்தி வெளிவட்டத்தில். மாலை வேன் கிளம்பும்வரை நிற்பாள். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள், இந்தக் கால் மாற்றி அந்தக் கால் என்று நின்றுகொண்டேயிருப்பாள். பக்கத்தில் நின்றால் எனக்கும் கால் பரபரக்கும்.

பிறகு வீடியோ வந்தது. வாய்தா நீட்டிக்க ஆளைக் கொண்டுவர வேண்டியதில்லை, ஜெயிலிலிருந்தே திரையில் காட்டினால் போதும் என்றானது. நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லாரும் சொன்னோம். டீசல் மிச்சம், போலீஸ் மிச்சம், தப்பி ஓடும் பயம் இல்லை. நானே அப்படி ஒரு செய்தி எழுதினேன். முதல் நாள் காஞ்சனா பூரிப் பொட்டலத்தோடு வந்து வேனுக்காகக் காத்திருந்தாள். நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் கோர்ட் அறை வாசலில் நிறுத்தினேன்.

திரை மாஜிஸ்திரேட்டைப் பார்த்து இருந்தது. வாசலில் நிற்பவர்களுக்கு அதன் கறுப்பு முதுகும் தொங்கும் ஒயர்களும் தெரியும். பெயர் கூப்பிட்டார்கள். "இருக்கேன்யா" என்று ஒரு குரல் கரகரத்து வந்தது. ரோஸ்லின்தான். காஞ்சனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதிருந்த மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு கைதியிடமும், "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். ஒண்ணும் இல்லீங்கய்யா என்பதே பொதுவான பதில். ரோஸ்லின் அன்று அப்படிச் சொல்லவில்லை. காஞ்சனா வாசலில் நிற்பாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அய்யா, தண்ணி காலைல மட்டும்தான்யா வருது. கொசு தாங்கலய்யா. குழம்புல உப்பு ஜாஸ்தியா கீது. முன்ன எனக்கு ஒருத்தங்க தல வாரி வுடுவாங்கய்யா, இப்ப யாருமில்ல, சிக்கு புடிச்சிக் கெடக்குது. ஆனா நான் நல்லாத்தான்யா கீறேன். சாப்புடறேன். தூங்கறேன். யாரும் கவலப்படத் தேவயில்லய்யா" என்று நிறுத்தாமல் போனாள். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தலை வாருவதற்கு அவர் என்ன உத்தரவு போட முடியும்?

ஒவ்வொரு தேதியிலும் ஒரு புகார் வந்தது. ஒரு முறை பல்வலி என்றாள். மருத்துவரிடம் காட்டும்படி மாஜிஸ்திரேட் உண்மையாகவே உத்தரவிட்டார். அடுத்த தடவை குரல் காற்றோடு வந்தது.

"பல்லப் புடுங்கிட்டாங்கய்யா. நல்ல பல்லு."

அறையில் சிரித்தார்கள். காஞ்சனா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "பாவி, எனுக்காவ பல்லையே குடுத்துட்டா பாரு."

பிறகு அந்த மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் வேகமானவர், நேர்மையானவர் என்றும் பெயர். தேங்கிய வழக்குகள் அவர் காலத்தில் குறைந்தன. பெயர் கூப்பிடுவார்கள், திரையில் முகம் தெரியும், அடுத்த தேதி சொல்வார்கள். ஒரு ஆளுக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது.

"ரோஸ்லின்."

"இருக்கேன்யா. அய்யா..."

அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

காஞ்சனா வாசலிலேயே நின்றாள். அடுத்தவர் போனார், அதற்கடுத்தவர் போனார். "அவரு கேக்கலியே பேப்பரம்மா" என்றாள். "கேட்டாதான அவ சொல்லுவா." இன்னும் இரண்டு தேதிகளுக்கு வந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு அவளை அங்கே நான் பார்க்கவில்லை. ரோஸ்லினின் வழக்கும் திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போய்விட்டது. ரோஸ்லின் விடுதலையானதாக ஒரு பேச்சு உண்டு. உறுதிப்படுத்த முடியாததால் நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

பொன்னேரிப் பக்கம் போனால் இப்போதும் அந்த வளாகத்துக்குள் ஒரு நடை போய்வருவேன். வேன் நின்ற இடத்தில் வக்கீல்களின் பைக்குகள் நிற்கின்றன. தலைகளை எண்ண ஆளில்லை, எண்ணத் தலைகளும் வருவதில்லை. வாய்தா சேர்ப்பது என்றால் என்னவென்று இன்று உள்ளே இருக்கும் பெண்களுக்குத் தெரியுமா, தெரியவில்லை. சேர்த்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அறை வாசலில் நின்றால் பெயர்கள் கேட்கின்றன, 'இருக்கேன்யா'க்கள் கேட்கின்றன, தேதிகள் கேட்கின்றன. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மட்டும் யாரையும் யாரும் கேட்பதில்லை.